வானத்தில் குத்துக்கரணம்: வாசகர் கேள்விகள்

ஏ.எல். எழுதிவிட்டேன். நேரே அக்ரோபற்றிக் (விமானத்தில் குத்துக்கரணம் அடிக்கும் சாகசப் பறப்பு) படிக்கலாமா? (மாங்குளம்)

முடியாது தம்பி. முதலில் தனியார் விமானி உரிமம். சர்வதேச விதிப்படி அதற்கு 17 வயது, பொதுவாக 40 மணி நேரப் பறப்பு, மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதை இருக்கிறது, ஆனால் அவை விமானப்படையிடம். நீங்கள் விசாரிக்க வேண்டியது இரத்மலானையில்.

சத்தி வருமா? (வவுனியா)

பலருக்கு வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறுவயிற்றோடு போகாதீர்கள். தலை சுற்றத் தொடங்கியதும் பயிற்றுநரிடம் சொல்லுங்கள், அடக்கிக்கொண்டு இருக்கவேண்டாம். பயணக் குளிசை நித்திரையாக்கும். அதைப் போட்டுக்கொண்டு விமானம் ஓட்டக்கூடாது.

ஸ்பின் என்றால் செத்தோம் என்கிறார்களே? (கிளிநொச்சி)

உயரம் இருந்தால் இல்லை. இரண்டு இறக்கையும் தூக்குவிசையை இழந்து, ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக இழக்கும்போது விமானம் சுழன்றபடி விழுகிறது. முன்கண்ணாடி முழுக்கத் தரைதான் சுற்றும், ஆனால் வேகமுள் குறைந்த இடத்திலேயே நிற்கும். முள் ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பின் அல்ல, சுருள் பாய்ச்சல். அதற்கு வைத்தியம் வேறு.

பெரும்பாலான பயிற்சி விமானங்களில் வழி இதுதான்: எஞ்சின் விசையைக் குறை, ஸ்டிக்கை (கையில் பிடித்து ஓட்டும் தண்டை) இடம் வலம் சாயாமல் நடுவில் வை, சுழலும் பக்கத்துக்கு எதிர் றடரை (வால் சுக்கானின் கால்மிதியை) முழுதாக மிதி, ஸ்டிக்கை முன்னே தள்ளு. சுழற்சி நின்றதும் றடரை நேராக்கி, மெதுவாக மேலே இழு. தரை நெருங்கும்போது கை தானாகவே ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கும், அதுதான் ஆளைக் கொல்வது. அதனால் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லவைப்பேன். 5000 அடிக்குக் கீழே ஸ்பின் பழக்க மாட்டேன்.

சாதாரண செஸ்னா சிறுவிமானத்தில் லூப் (செங்குத்தாக ஒரு முழு வட்டம்) அடித்தால் என்ன? (முல்லைத்தீவு)

வேண்டாம். சாதாரண வகை விமானத்துக்கு 3.8 ஜி (புவியீர்ப்பின் 3.8 மடங்கு) வரைதான் அனுமதி, அக்ரோபற்றிக் வகைக்கு 6. லூப்பில் 4 ஜி வந்தால் 60 கிலோ ஆள் 240 கிலோவாகக் கனப்பார், இறக்கைக்கும் அதே கணக்குத்தான். இழுக்குமுன் காலையும் வயிற்றையும் இறுக்காவிட்டால் கண் இருட்டும்.

மகன் கனடாவில் இதைப் படிக்கிறான். விமானம் பாய்கிற சத்தமே எனக்கு நெஞ்சைப் பதறவைக்கும். (புதுக்குடியிருப்பு)

கிபிர் போர்விமானத்தின் இரைச்சலுக்குப் பங்கருக்குள் ஓடிய ஊர் அம்மா, அந்தப் பதற்றத்துக்கு விளக்கம் தேவையில்லை. மகனிடம் இதைக் கேளுங்கள்: பயிற்றுநர் அக்ரோபற்றிக் கற்பிக்கவே தகுதி பெற்றவரா? விமானம் அதற்கென்றே அனுமதிக்கப்பட்டதா? பரசூட் கட்டி, கதவைக் கழற்றி வெளியேறுவதைத் தரையில் வைத்துப் பழக்கினார்களா? மகன் மழுப்பினால், பள்ளியை மாற்றச் சொல்லுங்கள்.