எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவன் எஸ்டிஆர் (சாஃப்ட்வேரால் இயங்கும் ரேடியோ) ஆர்வலர் சந்திப்புக்குப் போனால் ஏதாவது புரியுமா?

உங்கள் பயம் "எந்த காலேஜ்?" என்று கேட்டுவிடுவார்களோ என்பதாகத்தான் இருக்கும். கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். காட்பாடியில் கேபிள் டிவி லைன் இழுத்தவன் நான், பிளஸ் டூவோடு சரி.

2024-ல் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடினோம். சாயங்காலம் மேலே போகும் அமெரிக்காவின் நோவா 15 வானிலை செயற்கைக்கோளிலிருந்து படம் பிடிப்பதுதான் திட்டம். கம்ப்யூட்டரில் டிவி பார்க்க விற்றார்களே, அந்த யுஎஸ்பி டாங்கிள்தான் ரேடியோ, மீதி வேலையெல்லாம் சாஃப்ட்வேர். சாம்பிள் ரேட் என்று ஆரம்பித்தார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நைசாக நகர்ந்து ஆன்டெனா பக்கம் போய் நின்றுகொண்டேன். பழைய தூர்தர்ஷன் ஆன்டெனாவின் அலுமினியக் குழாயை 53 செ.மீ. அளவில் இரண்டு துண்டாக வெட்டி, 120 டிகிரி விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கேபிள், நம்ம டிஷ் கேபிள்தான்.

நேரம் வந்தது. 137.62 மெகாஹெர்ட்ஸில் வெறும் இரைச்சல். செயற்கைக்கோள் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கடந்து போய்விடும். ஒருவர் டாங்கிளின் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார், இன்னொருவர் சிக்னலைப் பெருக்கும் கெயினை ஏற்றி இறக்குகிறார். நான் கேபிள் நுனியில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பின்னலில் ஒரே ஒரு இழை, தலைமுடி கனம், நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. ஷார்ட்! நகத்தால் மடக்கிவிட்டு மாட்டினேன், டிக் டாக் டிக் டாக் என்று சத்தம் கிளம்பியது. வினாடிக்கு இரண்டு வரி வீதம் படம் இறங்கியது. செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வருவதால் இலங்கையைக் கோட்டைவிட்டிருந்தோம், வங்கக் கடல் மேகம் மட்டும் கிடைத்தது.

75 ஓம் டிஷ் கேபிளை 50 ஓம் ரேடியோவுக்குப் போடலாமா, பொருந்தாமல் சிக்னல் குறையாதா என்று இங்கே யாராவது வருவீர்கள். சிக்னலை வாங்க மட்டும் என்றால் அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. படித்தவர்களை மட்டம் தட்டுகிறேன் என்றும் சொல்லாதீர்கள், திரையில் சிக்னலை நிறக்கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபாலை எப்படிப் படிப்பது என்று "இங்க பாருங்கண்ணா" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது அங்கே வந்திருந்த ஒரு காலேஜ் பெண்தான்.

வீட்டிலேயே தனியாகச் செய்து பார்க்கக் கூடாதா என்றால், எங்கள் ஹவுஸ் ஓனர் மாடிச் சாவியைத் தரமாட்டார். குடிவரும்போது மாடி உங்களுக்கும்தான் என்று சொல்லி வாடகை பேசினார், இப்போது கேட்டால் வடகம் காய்கிறது, கம்பி கட்டினால் இடி விழும் என்கிறார். அவருடைய டிஷ் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது, அதற்கு இடி விழாதாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகப் போங்கள். 2025 ஆகஸ்டோடு நோவா 15, 19 இரண்டையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள்கள்தான். அது டிஜிட்டல், சிக்னல் பலவீனமானால் நோவா மாதிரி புள்ளி புள்ளியாகக்கூட வராது, அதனால் கனெக்டரை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பையில் கட்டிங் பிளேயரும் இரண்டு எஃப் கனெக்டரும் இருக்கட்டும். பகலில் வைத்தால் தொப்பியும். வேலூர் வெயிலில் மொட்டை மாடி, சொல்லவே வேண்டாம்.