பெருவெடிப்புக்கு முன் என்ன இருந்தது?

கேள்வி: பெருவெடிப்புக்கு முன் ஒன்றுமே இல்லை என்கிறான் பிளஸ் டூ படிக்கும் என் மகன். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும் என்கிறார் என் மாமனார். இரவுச் சாப்பாட்டில் தொடங்கும் இந்த வாதம் நான் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் ஓய்வதில்லை. யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், கரூர்

பதில்: சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் கற்பனைக்கெட்டாத வெப்பமும் அடர்த்தியும் கொண்டிருந்தது, அன்று முதல் விரிந்து குளிர்ந்து வருகிறது என்பதுதான் பெருவெடிப்புக் கொள்கை, ஒன்றுமில்லாததிலிருந்து அது பிறந்தது என்ற கூற்று அதில் இல்லை. 'வெடிப்பு' என்ற சொல்லும் குழப்பத்துக்கு ஒரு காரணம். 1949-இல் பிபிசி வானொலியில் அந்தப் பெயரைச் சூட்டிய வானியலாளர் பிரெட் ஹாயில், கொள்கையின் எதிரணியில் நின்றவர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது என்று வாதிட்டவர். (உங்கள் மாமனாருக்கு இவரைப் பிடித்துப்போகலாம்.)

ஹாயில் தரப்பைப் பெரிதும் தளர்த்தியது ஓர் இரைச்சல். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வானொலி வானியலாளர்கள் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் தங்கள் கொம்பு வடிவ ஆன்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல் பதிவாகிக்கொண்டிருந்தது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அகற்றினார்கள், எச்சத்தையும் சுத்தம் செய்தார்கள், இரைச்சல் போகவில்லை. விரிவு தொடங்கிச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளிதான், இன்று மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து, நுண்ணலையாக (மைக்ரோவேவ்) வந்து அந்த இரைச்சலாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. பழைய ஆன்டெனா டிவியில் சேனல் கிடைக்காதபோது துடிக்கும் புள்ளிகளில் ஒரு சிறு பங்கும் இதனுடையதே.

அதற்கும் முந்தைய முதல் சில நிமிடங்கள்வரை கணக்குச் செல்லுபடியாகிறது: அப்போது உருவாகியிருக்க வேண்டிய ஹீலியம், எடையில் ஏறத்தாழ கால் பங்கு, வானில் அளந்து பார்த்ததும் அதை ஒட்டியே இருக்கிறது. இன்னும் பின்னே போனால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அடர்த்தி முடிவிலி என்கின்றன. கால்குலேட்டரில் பூஜ்யத்தால் வகுத்தால் 'பிழை' என்று வருமே, இதுவும் அத்தகையதுதான். அங்கே இருந்தது இன்னது என்ற செய்தி அன்று, சமன்பாடு அங்கே செல்லாது என்ற அறிவிப்பு.

உங்கள் வீட்டு வாதம் நடப்பது இந்த இடத்தில்தான். முந்தைய பிரபஞ்சம் ஒன்றின் முடிவே நமது தொடக்கம் என்கிறார் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ். இயற்பியலாளர்கள் ஸ்டீபன் ஹாக்கிங்கும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் 1983-இல் முன்வைத்த கருத்துப்படி, தென் துருவத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு எவ்வளவு பொருளோ, பெருவெடிப்புக்கு முன் என்ன என்று கேட்பதற்கும் அவ்வளவே பொருள். இரண்டுக்கும் இதுவரை உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் மாமனார் அடுத்த முறை பேரனிடம் ஒன்று கேட்கலாம்: காலமும் அப்போதுதான் தொடங்கியது என்றால், 'முன்' என்று நீ சொல்வது எப்போது?