மெஷ் மாறினால் விரிசலும் மாறுமா?

வணக்கம் ஐயா,

முதுகலையில் கட்டமைப்புப் பொறியியல் படிக்கிறேன். மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் 1967 நிலநடுக்கத்தில் விழுந்த விரிசலைக் கணினியில் வரவழைப்பதுதான் என் ப்ராஜெக்ட். அணையை மெஷ்ஷாக, அதாவது எலிமென்ட் எனும் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடுகிறேன். ஒரு மீட்டர் எலிமென்ட் வைத்தால் அணை தாங்குகிறது. பத்து சென்டிமீட்டர் வைத்தால் சீக்கிரமே உடைந்துவிடுகிறது, அதுவும் இரவு முழுக்க ஓடிய பிறகு. இன்னும் நுணுக்கினால் சரியான விடை வருமா? அவ்வளவு பெரிய கணினிக்கு எங்கே போவேன்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இன்னும் நுணுக்காதீர்கள். எவ்வளவு பெரிய கணினி கிடைத்தாலும் இந்தக் கணக்கு ஓரிடத்தில் நிற்காது.

கண்ணாடிக் கடையில் பார்த்திருப்பீர்கள். கட்டரால் ஒரே ஒரு கீறல் போட்டு, மேசை விளிம்பில் வைத்து லேசாக அழுத்துவார்கள். டக்கென்று கோடு பிடித்துப் பிளந்துவிடும். 1921-இல் கிரிஃபித் கண்ணாடியை ஆராய்ந்துதான் அந்த முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: புதுப் பரப்பைத் திறக்க ஆற்றல் செலவாகிறது, பொருளுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் அந்தச் செலவுக்குப் போதுமென்றால் விரிசல் ஓடும். சாதாரண கான்கிரீட்டில் ஒரு சதுர மீட்டர் விரிசலுக்கு ஏறக்குறைய 100 ஜூல். ஒரு கிலோ அரிசியை மூன்றாவது மாடிக்குத் தூக்குகிற ஆற்றல்தான் அது. இந்த ஆற்றல் அளவைக் காப்பாற்றாத எந்தக் கணக்கையும் நான் நம்பமாட்டேன்.

உங்கள் கணக்கு தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். விரிசல் விழுந்தபின் நீட்சி கூடக்கூடத் தகைவு குறைவதைக் காட்டும் இறங்குமுக வளைகோட்டை எல்லா எலிமென்ட்டுக்கும் ஒரே மாதிரி கொடுத்திருப்பீர்கள். சேதம் ஒற்றை வரிசை எலிமென்ட்டுகளில் குவியும். வரிசையின் அகலம் பத்தில் ஒன்றானால் விரிசலுக்கு ஆகும் ஆற்றலும் பத்தில் ஒன்றாகிவிடும். அப்புறம் அணை சீக்கிரம் உடையாமல் என்ன செய்யும்? பஜாந்தும் ஓ என்பவரும் 1983-இலேயே இதற்கு வழி சொன்னார்கள்: வளைகோட்டின் கீழ்ப் பரப்பை எலிமென்ட் அகலத்தால் பெருக்கினால் எப்போதும் அதே முறிவாற்றல் (ஒரு சதுர மீட்டர் விரிசலுக்கு ஆகும் ஆற்றல்) வரவேண்டும். எலிமென்ட் சிறிதானால் சரிவை நீட்டிவிடுங்கள்.

எலிமென்ட்டைப் பெரிதாக்குவதற்கும் எல்லை உண்டு. மீள்குணகம் (விறைப்பின் அளவு) 30 ஜிகாபாஸ்கல், இழுவலிமை 3 மெகாபாஸ்கல், முறிவாற்றல் 100 ஜூல் என்று வைத்தால் 67 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது உங்கள் ஒரு மீட்டர் விடையையும் ஒதுக்கத்தான் வேண்டும்.

சரி, நேரத்துக்கு வருவோம். 103 மீட்டர் உயர அணை முழுவதையும் பத்து சென்டிமீட்டராக வெட்டினால், இருபரிமாணத்திலேயே எலிமென்ட் நூறு மடங்கு. எக்ஸ்ப்ளிசிட் முறை (நேரத்தைச் சிறு சிறு அடிகளாக நகர்த்தி நேரடியாகக் கணக்கிடுவது) என்றால் நேர அடியும் பத்தில் ஒன்றாகும், ஆக வேலை ஆயிரம் மடங்கு. இது தேவையே இல்லை. கொய்னாவில் விரிசல் விழுந்தது, கீழ்நீர்ப் பக்கச் சரிவு சட்டென்று மாறுகிற அந்தக் கழுத்துப் பகுதியில்தான். முதலில் விரிசலே இல்லாமல், மீள்தன்மையோடு மட்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். இழுதகைவு வலிமையைத் தாண்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தின் நீர்ப்பக்க முனையையும் மறக்காமல் பாருங்கள். அங்கெல்லாம் மட்டும் பொடி மெஷ் போதும்.

விரிசலைக் கூர்மையான கோடாக இல்லாமல் மெல்லிய சேதப் பட்டையாகக் காட்டும் ஃபேஸ் ஃபீல்டு முறை எனக்கு மிகவும் பிடித்தது. விரிசல் தன் பாதையைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் பட்டையின் குறுக்கே பல எலிமென்ட் கேட்கும். உங்கள் கணினிக்கு இப்போது வேண்டாம்.

25, 50 சென்டிமீட்டர் இரண்டிலும் ஓட்டி, அணை உச்சியின் இடப்பெயர்ச்சியை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். கோடுகள் விலகிப்போனால் இரண்டு இன்புட் ஃபைல்களையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்