கேள்வி: வீட்டில் பயன்படுத்தாத துணிமணி, சாமான்களை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

முதலில் போன் செய்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

போன வருடம் போகிக்கு முந்தின வாரம் பீரோவைக் காலி செய்தேன். எரிக்க மனமில்லை. சென்னையில் போகிப் புகை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று கட்டைப்பை நிறையத் துணியோடு ஆட்டோ பிடித்து, பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துக்குப் போனேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வார்டன் அம்மா பைகளைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஜிப் போன ஜீன்ஸ். அக்குளில் சாயம் போன சுடிதார். என் ரவிக்கைகள் ஏழெட்டு. என் மகள் மூன்று வயதில் போட்ட கவுன்கள். "இங்க இருக்கறது எல்லாம் ஆறாவதுக்கு மேல படிக்கற புள்ளைங்கம்மா. உங்க அளவு ரவிக்கைய யாருக்குக் குடுக்கட்டும்?" கோபமில்லாமல்தான் கேட்டார். தேறியது நான்கு உருப்படி. மிச்சத்தைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன். கிளம்பும்போது, அப்படியென்றால் என்னதான் வேண்டும் என்று கேட்டேன். உள்ளாடை, துண்டு, போர்வை, நாப்கின் என்றார். எல்லாமே புதிதாக வாங்க வேண்டியவை, அதனால் யாரும் கொண்டுவருவதில்லையாம்.

இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். நான் கடலூர்க்காரி. 2004 சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். முந்தின நாள் வரை சொந்தப் படகில் சம்பாதித்தவர்கள், ஊரார் கழித்த துணியைத் தொடவில்லை. மாடுகள்தான் அதன்மேல் படுத்துக் கிடந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துவைத்து, பொத்தான் தைத்து, வயது வாரியாகக் கட்டிக் கொடுங்கள். செருப்பை ஜோடியாகச் சேர்த்துக் கட்டுங்கள். மிக்ஸி என்றால் ஓடவிட்டுப் பார்த்து, ஜாரும் மூடியும் சேர்த்துத்தான். கிழிந்த போர்வை, பழைய துண்டுகளை விலங்குக் காப்பகங்களில் கேட்டுப் பாருங்கள், நாய்களுக்கு விரிக்க வாங்கிக்கொள்வார்கள்.

துணி நிறைய இருந்தால் கூஞ்ச் அமைப்பைப் பாருங்கள். அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கியது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் சேகரிக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது, துணியைச் சும்மா வீசிவிட்டு வருவதில்லை. கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்குக் கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று ஏதாவது செய்ய, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி போகிறது. உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய் பேட் தைக்கிறார்கள்.

மாமியார் புடவைகளை மட்டும் எங்கும் அனுப்பவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கூப்பிட்டுக் கட்டில்மேல் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பதினொன்றில் இரண்டை எடுத்தார். அதிலிருந்த பட்டுப் புடவையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத நீயே வச்சிக்கம்மா, உன் பொண்ணு கட்டுவா" என்று மடித்து வைத்துவிட்டுப் போனார்.