முஸ்லிம் பெண்கள் சிலர் அணியும், உடலையும் தலையையும் மூடும் நீச்சலுடைதான் புர்கினி. பிரான்சில் அதற்குத் தடை உண்டா, இல்லையா?

கடற்கரையா, நீச்சல் குளமா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் வேறு.

2016 ஜூலையில் நீஸ் நகரில் லாரி ஏற்றி 86 பேரைக் கொன்ற தாக்குதல் நடந்தது. அந்தப் பதற்றத்தில் கான் நகர மேயர் முதலில் தடை போட, சுமார் 30 ஊர்கள் பின்தொடர்ந்தன. பல உத்தரவுகளில் புர்கினி என்ற பெயரே கிடையாது. 'நல்லொழுக்கத்தையும் மதச்சார்பின்மையையும் மதிக்கும் உடை' வேண்டும் என்றுதான் இருந்தது. கன்னியாஸ்திரி உடையில் கடலுக்குப் போனால் யாரும் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்! நீஸ் கடற்கரையில் ஆயுதமேந்திய போலீசார் சூழ்ந்து நிற்க, ஒரு பெண் மேலாடையைக் கழற்றும் படம் உலகமெங்கும் பரவியது. சில நாட்களில், ஆகஸ்ட் 26 அன்று, உச்ச நிர்வாக நீதிமன்றம் வில்நவ்-லூபே ஊரின் தடையை நிறுத்திவைத்தது: பொது அமைதிக்கு உண்மையான ஆபத்து இல்லாமல் மேயர் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது.

சரி, குளம்? 2022இல் கிரெனோபிள் நகரம் புர்கினிக்காகக் குளங்களின் நீச்சலுடை விதியைத் தளர்த்தியது. கீழ் நீதிமன்றம் அந்த அனுமதியை நிறுத்திவைக்க, அதே உச்ச நிர்வாக நீதிமன்றம் இம்முறை அதை உறுதிசெய்தது. மதக் கோரிக்கைக்காக மட்டும் விலக்கு அளித்தால், பொதுச் சேவையில் எல்லோரையும் சமமாக நடத்துவது கெடும் என்றது. என் பார்வையில் முதல் தீர்ப்பு வலுவானது. இரண்டாவதில் வாதத்துக்கு நிறைய இடமிருக்கிறது.