தேய்ந்த மரைக்கு நாமே சாணை பிடிக்கும் டூல்

ஷாஃப்ட் நுனியில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் எம்25 (25 மி.மீ. விட்டம்), 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 மி.மீ.) மரை தேய்ந்து நட் ஆடுகிறது, வாஷர் நாக்கு உட்காரும் காடியில் அடிபட்டு லேத் டூலின் கார்பைடு டிப் இரண்டு தடவை உடைந்துவிட்டது, ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டில் நானே டூல் செய்து சரிபண்ண முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். இப்படி விட்டுவிட்டு வெட்டுகிற வேலைக்கு ஹெச்எஸ்எஸ்தான் தாங்கும். ஆனால் பழைய மரைமேல் அப்படியே டூலை ஓட்டினால் பிசிறு போகுமே தவிர, தேய்ந்துபோன இரும்பு திரும்பி வராது. வெல்டிங் வைத்து நிரப்பலாம் என்பார்கள். பேரிங் உட்காரும் இடம் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தச் சூட்டில் ஷாஃப்ட் வளையலாம், அதனால் நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

பிட்ச்சைத் தொடாமல் விட்டத்தை மட்டும் 24 ஆக்குங்கள். பழைய மரையின் அடிவிட்டம் சுமார் 23.16 மி.மீ., ஆகவே 23.9-க்குக் கடைந்த பிறகும் பக்கத்துக்கு 0.37 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் மிச்சம் இருக்கும். அதே பள்ளத்தில் டூலை இறக்கி எம்24 ஆழத்துக்கு வெட்டினால் தேய்ந்த பக்கங்கள் முழுக்கச் சீவப்பட்டுப் புது இரும்பு வந்துவிடும். அடிப்பகுதியின் குறுக்குப் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் குறையும், அதனால் பாரம் அதிகம் ஏறுகிற ஷாஃப்ட் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

டூலுக்கு வருவோம். முனை 60 டிகிரி, சென்டர் கேஜை (60 டிகிரி வெட்டு உள்ள அளவுத் தகடு) வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. மேல்முகம் தட்டையாகவே இருக்கட்டும், சரிவு கொடுத்தால் மரையின் கோணம் மாறிவிடும். இந்த மரையின் சாய்வு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான், ஆகவே சக் (ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றும் தலை) பக்கம் இருக்கும் முகத்துக்கு அடியில் 7 டிகிரி, மறுபக்கம் 5 டிகிரி கிளியரன்ஸ் (உரசாமலிருக்க விடும் சரிவு) போதும். கூர்நுனியை அப்படியே விடாமல் ஆயில் ஸ்டோனில் நாலு இழுப்பு இழுத்து 0.2 மி.மீ. ரேடியஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் காடியிலேயே நுனி போய்விடும்.

அடுத்தது பள்ளத்தைப் பிடிப்பது, பொறுமையைச் சோதிக்கிற இடம் இதுதான். ஷாஃப்டை மரையை நம்பிக் கட்டாதீர்கள், பேரிங் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்து ஓட்டம் (சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று) பாருங்கள். டூல் ஷாஃப்டைத் தொடாதபடி ஹாஃப் நட்டை (டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளவு நட்) போட்டு, சக்கைக் கையால் வெட்டும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள், அப்போதுதான் லீட் ஸ்க்ரூவின் ஆட்டம் ஒரு பக்கமாக எடுபடும். அப்புறம் காம்பவுண்டையும் கிராஸ் ஸ்லைடையும் (டூலைத் தாங்கி நகரும் சிறு தளங்கள்) நகர்த்தி முனையைப் பள்ளத்தின் நடுவில் இறக்குங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் இடைவெளி நன்றாகத் தெரியும். பள்ளத்தில் மார்க்கர் மை பூசி மெல்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள், இரண்டு சரிவிலும் மை சமமாகப் போயிருந்தால் சரி, ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் காம்பவுண்டில் ஒரு துளி நகர்த்துங்கள்.

லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு என்றால் வேலை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே திறக்காதீர்கள். டூலை வெளியே இழுத்துவிட்டு மோட்டாரைத் திருப்பி ஓட்டிப் பின்னால் வாருங்கள். அவசரத்தில் ஒரே ஒரு தடவை திறந்து மூடி, நல்ல மரைக்கு நடுவில் இன்னொரு மரை போட்டு வைத்தவன் நான்.

வேகம் 50, 60 ஆர்பிஎம் போதும். ஒரு ஓட்டுக்கு 0.1 மி.மீ. இறக்குங்கள், கடைசியில் 0.03. ஆழம் மொத்தம் 0.9 மி.மீ. பக்கம் வரும், ஆனால் நான் டயல் எண்ணை நம்பி நிறுத்த மாட்டேன். முதலில் 22.5 துளை போட்டு எம்24×1.5 நட்டைச் செய்துவிடுங்கள், பிறகு அந்த நட் கையால் ஆட்டமில்லாமல் ஏறும்வரை ஷாஃப்டை வெட்டுங்கள். பழைய வாஷர் 24-ல் தொளதொளக்கும், அதனால் அதையும் புதிதாகச் செய்யுங்கள், அல்லது நட்டிலேயே பக்கவாட்டில் ஒரு பூட்டுத் திருகு வைத்துவிடுங்கள்.