ஒல்லியான குண்டு டிவி எங்கே போனது?

கேள்வி: எங்கள் வீட்டில் மைடிவி டிஜிட்டல் பெட்டி மாட்டி இன்னும் 21 இஞ்ச் குண்டு டிவிதான் ஓடுகிறது, சார். பந்து எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் வால் முளைக்காது. இதே படம் தட்டை டிவியில் வரப்போகிறது, எஃப்இடி என்று பெயர் என்று 2005 வாக்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பேசிக்கொண்டோம். ஏன் கடைக்கே வரவில்லை? இப்போது என் டிவி மங்குகிறது, நானே திறந்து பார்க்கலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: குண்டு டிவிக்குப் பின்பக்கம் அவ்வளவு பெரிதாக இருப்பதே அதன் எலக்ட்ரான் துப்பாக்கிக்காகத்தான், அண்ணே. திரையில் எலக்ட்ரான் பட்ட இடம்தான் ஒளிரும். அதற்கு உள்ளே எலக்ட்ரானை வெளியே விடும் ஒரு சின்னக் கேதோடை 800 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எலக்ட்ரான்களைக் கிளப்பி, காந்தச் சுருளால் வளைத்துத் திரை முழுக்க ஓட்ட வேண்டும், வளைய இடம் வேண்டுமே. உங்கள் டிவி மங்குவதும் அந்தக் கேதோடு களைத்துப்போனதால் இருக்கலாம்.

எஃப்இடி என்றால் மின்புலத்தாலேயே எலக்ட்ரானை வெளியே இழுக்கும் தட்டைத் திரை, அதில் சூடே இல்லை. தைப்பூசத்தில் பார்த்திருப்பீர்கள், விரலால் அழுத்தினால் கன்னம் குழியும், அதே அழுத்தத்தில் அலகு வேல் உள்ளே போய்விடும். மின்புலமும் கூர்முனையில்தான் குவியும். முனை நானோமீட்டர் கணக்கில் கூராக இருந்தால் சில பத்து வோல்ட்டிலேயே எலக்ட்ரான் குளிர்ந்த உலோகத்தை விட்டு வெளியே வந்துவிடும். இதற்கான கணக்கை இயற்பியலாளர்கள் ஃபௌலரும் நோர்ட்ஹைமும் 1928லேயே போட்டுவிட்டார்கள். 1968இல் ஸ்பிண்ட் என்ற ஆய்வாளர் மாலிப்டினம் என்ற உலோகத்தில் குட்டிக் குட்டிக் கூம்புகள் செய்து காட்டினார், அப்புறம் கார்பன் நானோ குழாய்கள் வந்தன. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் இப்படி முனைகளை நட்டுவிட்டால் சில மில்லிமீட்டர் தள்ளியே திரையை வைக்கலாம்.

எலக்ட்ரான் தடையில்லாமல் பாய உள்ளே காற்றே இருக்கக்கூடாது, சிக்கல் அந்த வெற்றிடத்தில்தான். 40 இஞ்ச் திரை என்றால் வெளிக்காற்று அதை நாலரை டன் எடையோடு அழுத்தும், நாலு மைவி காரைக் கண்ணாடி மேல் நிறுத்தியது போல! தாங்குவதற்கு உள்ளே முட்டு கொடுக்க வேண்டும், ஆனால் அந்த முட்டு பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. மிச்சம் மீதி வாயு இருந்தால் அது மின்னூட்டம் பெற்று அயனியாகித் திரும்பி வந்து முனையையே அடித்து மழுக்கும். லட்சக்கணக்கான புள்ளிகளில் கொஞ்சம் சோம்பினாலும் படம் திட்டுத் திட்டாகிவிடும்.

இதையெல்லாம் சரிசெய்வதற்குள் எல்சிடி விலை மளமளவென்று விழுந்துவிட்டது, என்னைக் கேட்டால் கொன்றது அதுதான். கேனனும் தோஷிபாவும் 2004இல் இதன் பங்காளியான, அதே போலக் கேதோடைச் சூடாக்காமல் எலக்ட்ரானைக் கிளப்பும் எஸ்இடி தட்டைத் திரைக்குக் கூட்டு நிறுவனமே தொடங்கினார்கள், நடுவில் காப்புரிமை வழக்கு வேறு. வீட்டு டிவி திட்டத்தை 2010இல் கேனன் கைவிட்டது. முனைகள் வீண்போகவில்லை, நானோ குழாய் வைத்த எக்ஸ்ரே கருவிகள் இன்று மருத்துவமனைகளில் இருக்கின்றன.

டிவியைத் திறக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அண்ணே. சுவிட்சை அணைத்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பழகிய ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.